பாப்-ஏ குறைவு என்று எழுதிவிட்டால் போதுமா?

முதல் மும்மாதப் பரிசோதனை அறிக்கைகளைத் தயாரிக்கும் ஆய்வகங்களுக்கும், அவற்றைக் கர்ப்பிணிகளுக்கு வாசித்துச் சொல்லும் மகப்பேறு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பும் டபுள் மார்க்கர் அறிக்கை அடுத்ததாக வந்து சேரும் இடங்களில் ஒன்று என் மேசை. டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் பாதிப்புகளின் வாய்ப்பைக் கணிக்க, கர்ப்பிணியின் இரத்தத்தில் பாப்-ஏ என்ற புரதத்தையும் ஃப்ரீ பீட்டா எச்சிஜி என்ற ஹார்மோன் பகுதியையும் அளக்கும் சோதனை அது. நான் மரபியல் ஆலோசகர். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வரும் கணவன் மனைவியரோடு உட்கார்ந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று சொல்வதுதான் என் வேலை. எழுதாமல் விட்டதைச் சொல்லத்தான் நேரம் அதிகமாகிறது. அதனால்தான் இந்த மடல்.

அறிக்கையின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே பெயரும் வயதும். அதன் கீழ் ஒரு கட்டம். அதில் 'பாப்-ஏ' என்ற வரி, அதற்கு எதிரே ஓர் எண், அதன் பக்கத்தில் 'குறைவு' என்று காட்டும் நட்சத்திரக் குறி. சில ஆய்வகங்கள் அந்த வரியைச் சிவப்பில் அச்சடிக்கின்றன. இரண்டாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், 'மொத்தக் கணிப்பு: குறைந்த ஆபத்து' என்று இருக்கும். முதல் பக்கத்தில் சிவப்பைப் பார்த்தவர் இரண்டாம் பக்கத்தை நிதானமாகப் படிப்பார் என்று இந்தப் படிவத்தை வடிவமைத்தவர் நம்பியிருக்கிறார். அவர் கர்ப்பிணி யாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வடிவமைக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

சர்க்கரை, ஹீமோகுளோபின் போலப் பாப்-ஏ அளவையும் ஒரு 'இயல்பு வரம்பு' போட்டு, அதற்குக் கீழே போனால் கொடி காட்டுவது அடிப்படையிலேயே தவறு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்தப் புரதம் தாயின் இரத்தத்தில் சில நாள்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் வேகத்தில் ஏறுகிறது. 11 வாரத்தில் சரியாக இருக்கும் அளவு 13 வாரத்தில் மிகக் குறைவு. ஆகவே ஆய்வகக் கருவி தரும் நேரடி எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. அதே நாளளவு கர்ப்பத்தில் இருக்கும் பெண்களின் நடுமதிப்போடு ஒப்பிட்டு, அதில் எத்தனை மடங்கு என்று கணக்கிட்ட பிறகே அது பேசத் தொடங்குகிறது. அதைத்தான் எம்ஓஎம் என்கிறோம். ஒன்று என்றால் நடுமதிப்பு, 0.5 என்றால் அதில் பாதி. நேரடி எண்ணுக்கு எதிரே நட்சத்திரம் போடும் வழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இந்தப் புரதத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது யாருடைய புரதம் என்ற குழப்பம் மருத்துவர்கள் சிலரின் பேச்சிலேயே இருக்கிறது. 1974-இல் லின் என்பவரும் அவருடைய சகாக்களும் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் மட்டும் மிகுந்து காணப்பட்ட நான்கு புரதங்களைப் பிரித்தெடுத்து ஏ, பி, சி, டி என்று பெயரிட்டார்கள். அவற்றில் முதலாவது இது. கண்டுபிடித்துக் கால் நூற்றாண்டு வரை இது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் கர்ப்பங்களில் குறைகிறது என்பது 1990-களின் தொடக்கத்தில் தெரிந்துவிட்டது. ஏன் என்பது தெரியாமலே அளந்துகொண்டிருந்தார்கள். 1999-இல்தான் இது ஒரு நொதி என்று புலப்பட்டது. இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணியை உடல் ஒரு பிணைப்புப் புரதத்தோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கட்டை வெட்டி வளர்ச்சிக் காரணியை விடுவிப்பதுதான் பாப்-ஏ செய்யும் வேலை. கர்ப்பத்தில் இதைப் பெருமளவில் சுரப்பது நஞ்சுக்கொடியின் மேற்பரப்பு உயிரணுக்கள். (கர்ப்பத்துக்கு வெளியேயும் இது உண்டு. இதயத் தமனிகளில் வெடிக்கும் நிலையில் இருக்கும் கொழுப்புப் படிவுகளில் இதைக் கண்டுபிடித்து 2001-இல் இதயநோய் வல்லுநர்கள் பரபரத்தார்கள். அது வேறு கதை.)

அதாவது, நாம் அளப்பது நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்தில் கலந்துவிடும் ஒரு பொருளை. குழந்தையின் குரோமோசோம்களை நாம் நேரில் பார்க்கவே இல்லை. 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கர்ப்பங்களில், அதாவது டவுன் சிண்ட்ரோமில், முதல் மும்மாதத்தில் பாப்-ஏ நடுமதிப்பின் ஏறக்குறைய பாதியாகவும், ஃப்ரீ பீட்டா எச்சிஜி ஏறக்குறைய இரட்டிப்பாகவும் இருப்பது வழக்கம். 18, 13 ஆகிய குரோமோசோம்கள் மூன்றாக இருந்தால் இரண்டுமே தாழ்ந்துவிடும். இவை எல்லாம் சராசரிகள். பாதிப்பு எதுவும் இல்லாத கர்ப்பங்களிலேயே இருபதில் ஒன்று 0.4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும். இரண்டு கூட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று கணிசமாகப் படிகின்றன. அதனால்தான் இந்த ஒரு புரதத்தை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. தாயின் வயது, என்டி ஸ்கேனில் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தெரியும் நீரின் தடிமன், ஃப்ரீ பீட்டா எச்சிஜி, பாப்-ஏ ஆகிய நான்கையும் சேர்த்துப் பெருக்கி ஒரே வாய்ப்பு விகிதமாகத் தருகிறோம்.

அப்படிச் சேர்த்தாலும் கிடைப்பது வாய்ப்புதான். 2005-இல் வெளியான ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வில், நூறில் ஐந்து பேருக்குத் தவறான எச்சரிக்கை போவதை ஏற்றுக்கொண்டால், இந்தக் கூட்டுச் சோதனை 11-ஆம் வாரத்தில் டவுன் சிண்ட்ரோம் கர்ப்பங்களில் 87 விழுக்காட்டையும் 13-ஆம் வாரத்தில் 82 விழுக்காட்டையும் அடையாளம் காட்டியது. நல்ல சோதனைதான். ஆனால் கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். ஐந்நூறில் ஒருவருக்குப் பாதிப்பு இருக்கும் ஒரு கூட்டத்தில் ஆயிரம் பெண்களைச் சோதித்தால், உண்மையில் பாதிப்புள்ளவர்கள் இரண்டு பேர். 'அதிக ஆபத்து' என்ற அறிக்கை போகிறவர்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். அந்த ஐம்பது பேருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் நீங்கள் அச்சடிக்கிறீர்கள். 'உங்களைப் போன்ற முடிவு பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைக்கு இந்தப் பாதிப்பு இல்லை' என்ற வாக்கியத்தை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. மூன்றே நொடியில் தட்டச்சு செய்துவிடலாம்.

பாதிப்பு உண்மையாகவே உறுதியாகும் குடும்பங்களுக்கும் இந்தச் சிவப்பு மை எந்த நன்மையும் செய்வதில்லை. அவர்கள் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும், அதை அச்சத்தில் எடுக்காமல் தெளிவோடு எடுக்க வேண்டும்.

இனி, ஆய்வகங்கள் மீதான என் பெரிய குறை. அது எண்ணின் மீது அல்ல, எண்ணுக்குள் போவதன் மீது. கோரிக்கைப் படிவத்தைச் சொல்கிறேன். இரத்தம் எடுக்கும் இடத்தில் இருப்பவர் அவசரத்தில் நிரப்பும் அந்த ஒற்றைத் தாளில்தான் முடிவின் பாதி தலையெழுத்து இருக்கிறது. எடை என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முந்தைய எடை, அதுவும் நினைவிலிருந்து சொன்னது, முழுப் பத்துகளில் இருக்கும். 60, 70. எடை அதிகமான பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவும் அதிகம். ஒரே அளவு உப்பைப் பெரிய பானைத் தண்ணீரில் போட்டால் கரிப்பு குறைவதைப் போல, நஞ்சுக்கொடி அதே அளவு சுரந்தாலும் செறிவு குறைந்து காட்டும். மென்பொருள் அதைத் திருத்திக்கொள்ளும். சரியான எடையைக் கொடுத்தால். 85 கிலோ உள்ளவருக்கு 65 என்று எழுதினால், எந்தக் குறையும் இல்லாத நஞ்சுக்கொடி தாழ்ந்த எம்ஓஎம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

புகைப்பவர்களுக்குப் பாப்-ஏ தாழ்ந்திருக்கும். ஐவிஎஃப் வழியாக வந்த கர்ப்பத்திலும் சற்றுத் தாழ்ந்திருக்கும். இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு உள்ளவருக்கும் அப்படியே. பூர்விக இனத்தைப் பொறுத்தும் நடுமதிப்பு மாறுகிறது. இரட்டைக் குழந்தைகள் என்றால் ஏறியிருக்கும். இரண்டில் ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்து போயிருந்தாலும் அந்த நஞ்சுக்கொடியின் மிச்சம் அளவை உயர்த்திக் காட்டக்கூடும். இத்தனைக்கும் படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன. 'புகைப்பழக்கம்' என்ற கட்டத்தில் கேட்காமலே 'இல்லை' என்று கோடு போட்டிருப்பதும், 'கருத்தரித்த முறை' என்பது காலியாகக் கிடப்பதும் எனக்குப் பழகிப்போன காட்சிகள். காலியான கட்டத்தை மென்பொருள் 'இயற்கை' என்று எடுத்துக்கொள்கிறது. கூச்சத்தால் சொல்லாமல் விட்டதற்கும் கேட்காமல் விட்டதற்கும் கணினி வேறுபாடு பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரியது நாள் கணக்கு. கடைசி மாதவிலக்கு நாளை வைத்துக் கணக்கிட்டு, குழந்தை உண்மையில் ஒரு வாரம் இளையது என்றால், பாப்-ஏ தாழ்ந்ததாகத் தெரிவதற்கு வேறு காரணமே தேவையில்லை. குழந்தையின் தலை முதல் புட்டம் வரையிலான நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கையில் அளந்து, அதிலிருந்துதான் வாரத்தை எடுக்க வேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் ஸ்கேன் ஓரிடம், இரத்தம் ஓரிடம் என்று பிரிந்துபோன பிறகு, ஸ்கேன் அறிக்கை வரும் முன்பே இரத்தக் கணக்கு மட்டும் ஓடி முடிந்து தாள் வெளியே வந்துவிடுகிறது. நீள அளவு இல்லாமல் கணக்கை ஓடவிடாதீர்கள். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

இரத்தம் எடுக்கும் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாப்-ஏ துத்தநாகத்தைத் தாங்கி நிற்கும் நொதி. உலோக அயனிகளைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ கலந்த குழாயில் இரத்தத்தை எடுத்தால் அளவு நம்பத்தக்கதாக இருக்காது, இரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரான சீரம்தான் வேண்டும். அந்தச் சீரத்தையும் நேரத்தோடு பிரிக்காமல், முழு இரத்தமாகவே வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்திருந்தால், எச்சிஜி உடைந்து ஃப்ரீ பீட்டா பொய்யாக ஏறும். தாழ்ந்த பாப்-ஏ, ஏறிய ஃப்ரீ பீட்டா: டவுன் சிண்ட்ரோமின் அச்சு அசலான கோலம், மாதிரி வந்த வண்டியின் சூட்டிலும் தவறான குழாயிலும் உருவாகியிருக்கலாம். மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, எப்போது பிரிக்கப்பட்டது என்ற இரண்டு நேரங்களை அறிக்கையில் போடுங்கள் என்று கேட்டால் ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே பதிவேட்டில் இருப்பதுதானே.

இப்போது மருத்துவர்களிடம் வருகிறேன். உங்களிடம் எனக்கு இருப்பது நேர் எதிரான குறை. ஆய்வகம் அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறது; நீங்கள் சீக்கிரமாகவே மூடி வைத்துவிடுகிறீர்கள்.

நடப்பது இதுதான். பாப்-ஏ 0.3 என்று வருகிறது. என்ஐபிடி எடுக்கச் சொல்கிறீர்கள். தாயின் இரத்தத்தில் மிதக்கும், கர்ப்பத்திலிருந்து வந்த டிஎன்ஏவை எண்ணிப் பார்க்கும் அந்தச் சோதனை, டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை டபுள் மார்க்கரை விடப் பல மடங்கு கூர்மையானது. முடிவு நல்லபடியாக வருகிறது. 'எல்லாம் சரி, பழைய ரிப்போர்ட்டை மறந்துவிடுங்கள்' என்கிறீர்கள். குரோமோசோம் கேள்விக்கு அது பெரும்பாலும் சரியான பதில். ஆனால் 0.3 என்ற அளவு இன்னொரு கேள்வியையும் எழுப்பியிருந்தது. நஞ்சுக்கொடி எப்படி இருக்கிறது? அதற்கு என்ஐபிடி பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

குரோமோசோம்கள் இயல்பாக இருந்தும் பாப்-ஏ மிகத் தாழ்ந்திருந்தால், குழந்தையின் வளர்ச்சி பின்தங்குவதற்கும், கர்ப்பகால இரத்த அழுத்த நோயான ப்ரீஎக்லாம்ப்சியாவுக்கும், குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2013-இலேயே 0.415-க்குக் கீழான பாப்-ஏ அளவை, சிறிய குழந்தை பிறப்பதற்கான முக்கிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் பொருள், அந்தப் பெண்ணுக்குப் பிற்பாதியில் குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்பது. வயிற்றின் உயரத்தை டேப்பால் அளந்துவிட்டு அனுப்பிவிடுவது போதாது. 0.3 இருந்த தாள் கோப்பின் அடியில் போய்விட்டால், 32-ஆம் வாரத்தில் பார்க்கும் வேறொரு மருத்துவருக்கு இதைத் தேட வேண்டும் என்றே தோன்றாது.

மிக மிகத் தாழ்ந்த எண்களை, 0.1 போன்றவற்றை, தனியாகவே பாருங்கள். ட்ரிப்ளாய்டி என்று ஒன்று இருக்கிறது. எல்லாக் குரோமோசோம்களும் மூன்று மூன்றாக இருப்பது. கூடுதல் தொகுதி தாயிடமிருந்து வந்திருந்தால் பாப்-ஏ அடிமட்டத்துக்குப் போய்விடும். என்ஐபிடி முறைகளில் விகிதத்தை மட்டும் எண்ணும் வகை இதைப் பிடிக்காது. எல்லாமே சமமாகக் கூடியிருக்கும்போது விகிதம் மாறுவதில்லை அல்லவா? அத்தகைய எண்ணுக்கு முன்னால் 'என்ஐபிடி நார்மல்' என்று நிம்மதியாக உட்காராமல், நல்ல ஸ்கேனையும், நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் கோரியானிக் வில்லஸ் சோதனை அல்லது பனிக்குட நீர்ச் சோதனையையும் பற்றிப் பேச வேண்டும்.

ஆஸ்பிரின் பற்றி. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், அதிக ஆபத்து உள்ளவர்கள் என்று முதல் மும்மாதத்தில் கண்டறியப்பட்ட பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை 36-ஆம் வாரம் வரை கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்லாம்ப்சியா, போலி மாத்திரை வாங்கியவர்களில் 4.3 விழுக்காட்டுக்கு வந்தது. ஆஸ்பிரின் வாங்கியவர்களில் 1.6 விழுக்காட்டுக்கு. இதைக் காட்டிப் பாப்-ஏ தாழ்ந்த எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆஸ்பிரின் எழுதுகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்த ஆய்வில் பெண்களைத் தேர்ந்தெடுத்தது பாப்-ஏ ஒன்றை வைத்து அல்ல. இரத்த அழுத்தம், கருப்பைத் தமனியின் ஓட்டம், பிஎல்ஜிஎஃப் என்ற இன்னொரு நஞ்சுக்கொடிப் புரதம், தாயின் முன்வரலாறு எல்லாவற்றோடும் சேர்த்துத்தான். ப்ரீஎக்லாம்ப்சியாவைக் கணிக்கப் பிஎல்ஜிஎஃப் பாப்-ஏவை விடச் சிறந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை அளக்க வசதி இல்லாத இடத்தில் பாப்-ஏ கைகொடுக்கும். எப்படியிருந்தாலும் இந்தப் பேச்சு 16-ஆம் வாரத்துக்கு முன்பே நடந்தாக வேண்டும். என்ஐபிடி முடிவுக்காகக் காத்திருந்து, வந்ததும் மகிழ்ந்து, கோப்பை மூடுவதற்குள் அந்த வாய்ப்புக் காலம் கழிந்துவிடுகிறது. இதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது என்றும் சொல்லலாம்.

மறுபக்கமும் உண்டு. தாழ்ந்த பாப்-ஏ உள்ள பெண்களில் பெரும்பாலோர் சாதாரண எடையுள்ள குழந்தையைச் சாதாரணமாகவே பெற்றெடுக்கிறார்கள். தனித்து நிற்கும்போது இது பலவீனமான கணிப்புதான். 'நஞ்சுக்கொடி சரியில்லை' என்ற வாக்கியத்தை 12-ஆம் வாரத்தில் ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, மீதி ஆறரை மாதத்தை அவள் எப்படிக் கழிப்பாள் என்று யோசிக்காமல் இருப்பதும் மருத்துவம் ஆகாது. 'கூடுதலாக இரண்டு மூன்று முறை வளர்ச்சியைப் பார்ப்போம், இரத்த அழுத்தத்தைக் கவனிப்போம்' என்றால் போதும். அதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: உணவில் புரதத்தைக் கூட்டினால் பாப்-ஏ ஏறாது. படுக்கையிலேயே இருந்தாலும் ஏறாது. அதை ஏற்றுவதற்கென்று மாத்திரையோ ஊசியோ கிடையாது. புரோஜெஸ்டிரோன் ஊசியை அதற்காகப் போட்டுக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். யாரோ எழுதிக் கொடுத்துத்தானே போட்டுக்கொள்கிறார்கள்? அந்தப் பெண் எதையோ செய்யத் தவறியதால் எண் குறைந்தது என்ற எண்ணம் வீட்டில் பரவுவதற்கு முன்பே அதை நீங்கள் மறுத்துவிட்டால், எனக்குப் பாதி வேலை குறையும்.

நல்ல எண் வரும் வரை வேறு வேறு ஆய்வகங்களில் இரத்தம் கொடுத்துப் பார்ப்பதையும் தடுத்து நிறுத்துங்கள். வெவ்வேறு கருவிகளின் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. 14-ஆம் வாரத்தைத் தாண்டிவிட்டால் டவுன் சிண்ட்ரோமைப் பிரித்துக் காட்டும் திறனைப் பாப்-ஏ இழந்துவிடுகிறது. இரண்டாம் மும்மாத குவாட்ரபிள் சோதனையில் இதற்கு இடம் இல்லாததற்குக் காரணம் அதுதான். 16-ஆம் வாரத்தில் எடுத்த பாப்-ஏ 'நார்மல்' என்று யாராவது ஆறுதல் அடைந்தால், அந்த ஆறுதலுக்கு அடிப்படை கிடையாது.

டபுள் மார்க்கரே வேண்டாம், நேராக என்ஐபிடிக்குப் போய்விடலாம் என்ற போக்கு இப்போது வலுத்துவருகிறது. குரோமோசோம் கேள்விக்கு அது நியாயமான தேர்வு, நான் எதிர்க்கவில்லை. ஆனால் அப்படிச் செய்யும்போது 11 முதல் 13 வாரத்துக்குள் செய்யும் ஸ்கேனையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள். நஞ்சுக்கொடியைப் பற்றிப் பாப்-ஏ தரும் ஆரம்பகாலத் தகவலும் கூடவே போய்விடுகிறது. எதை வாங்குகிறோம், எதை விடுகிறோம் என்று பெண்ணுக்குச் சொல்லிவிட்டு மாறுங்கள்.

ஆய்வகங்கள் அறிக்கைப் படிவத்தை அடுத்த முறை மாற்றும்போது, முடிவை முதல் பக்கத்திலும், எடை, கருத்தரித்த முறை, குழந்தையின் நீளம், மாதிரியின் நேரங்கள் எனக் கணக்கில் போனவற்றை அதன் கீழேயும், 0.415-க்குக் கீழே என்றால் 'வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கவும்' என்ற ஒரு வரியைத் தனியாகவும் வையுங்கள். மருத்துவர்கள் அந்த வரியைப் பேறுகாலக் கையேட்டின் முதல் பக்கத்தில் தங்கள் கையால் எடுத்தெழுதுங்கள். படிவத்தின் வரைவை அச்சுக்குப் போகும் முன் அனுப்பினால், வாசித்துத் திருத்தித் தர என்னைப் போன்ற ஆலோசகர்கள் தயாராக இருக்கிறோம். கர்ப்பிணிகள் இரண்டு பேரையும் வாசிக்கச் சொல்லி, எந்த வரியில் முகம் மாறுகிறது என்று குறித்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளை நாள்தோறும் வாசிக்கும்
ஒரு மரபியல் ஆலோசகர்